சேன் தெனியின் கல் அரசர்கள்: முதன்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

பாரிஸுக்கு வடக்கே உள்ள சேன் தெனி பேராலயத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட அரச கல்லறைச் சிற்பங்கள் இருக்கின்றன. உள்ளே போகிற பெரும்பாலோர் பெயர்ப்பலகையைப் படிக்கிறார்கள், முகத்தைப் பார்க்கிறார்கள், அடுத்ததற்கு நகர்கிறார்கள். பத்துச் சிலைகளைத் தாண்டியதும் எல்லா லூயியும் ஒரே லூயி ஆகிவிடுகிறார், எல்லா பிலிப்பும் ஒரே பிலிப். அரை மணி நேரத்தில் வெளியே வந்து காபிக் கடையைத் தேடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்தச் சிற்பங்களைப் பெயரில் தொடங்கினால் இப்படித்தான் முடியும்.

வேறு வரிசையில் பார்க்கலாம். காலடியில் தொடங்கி, உடைக்கும் கல்லுக்கும் முகத்துக்கும் போய், கடைசியாகக் கைக்கு வரலாம். அதற்கு முன் வீட்டிலேயே செய்துகொள்ள வேண்டிய ஒரு சின்ன வேலை உண்டு.

முதல் வேலை: ஒவ்வொரு சிலைக்கும் இரண்டு ஆண்டுகள்

ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் அரசர் இறந்த ஆண்டு, மற்றொன்றில் சிலை செதுக்கப்பட்ட காலம். சேன் தெனியில் இந்த இரண்டும் பொருந்துவது அபூர்வம்.

2ஆம் குளோவிஸ் இறந்தது 657இல், சார்லஸ் மார்த்தெல் 741இல், குள்ளப் பெப்பின் 768இல், பக்திமான் ராபர்ட் 1031இல். இந்த நால்வரின் சிலைகளும் ஒரே காலத்தவை. 1263ஐ ஒட்டிய ஆண்டுகளில், 9ஆம் லூயி ஆட்சியில் மொத்தமாகச் செய்விக்கப்பட்டவை. பழைய அரசர்கள், அரசியரின் எலும்புகளைத் தோண்டி எடுத்து, புதிதாகப் பதினாறு சிலைகள் செய்து, ஆலயத்தின் நடுவே வரிசையாக வைத்தார்கள். அவற்றில் பதினான்கு இன்றும் இருக்கின்றன.

ஏன் இவ்வளவு பாடு? 987இல் ஹியூ கபே முடிசூடியபோது அவர் பழைய கரோலிஞ்சிய அரச வம்சத்தைச் சேர்ந்தவர் அல்லர். அவர் வழிவந்த கபேசியர்களை ‘நீங்கள் இடையில் வந்தவர்கள்’ என்று யாரும் சொல்லிவிட முடியும். 9ஆம் லூயி காலத்து ஏற்பாடு அந்தப் பேச்சுக்குக் கல்லில் சொன்ன மறுமொழி. தெற்குப் பக்கம் முதல் அரச வம்சமான மெரோவிஞ்சியர், அவர்களுக்குப் பின் வந்த கரோலிஞ்சியர். வடக்குப் பக்கம் கபேசியர். இரண்டு வரிசைக்கும் நடுவே 9ஆம் லூயியின் பாட்டனார் பிலிப் ஒகுஸ்தும் அவர் மகன் 8ஆம் லூயியும். 8ஆம் லூயி தாய்வழியில் கரோலிஞ்சியப் பேரரசர் சார்லமேனின் இரத்தம் என்று அப்போது பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். இரண்டு வரிசையும் அந்த நடுவில் வந்து சேர்ந்தன. எல்லா முகங்களும் ஒன்றுபோல இளமையாக, ஒரே மாதிரி உடையில் இருப்பது இதனால்தான். தனித்தனி மனிதர்களைக் காட்டுவது அங்கே நோக்கமே இல்லை. அறுந்துவிடாத ஒரு தொடரைக் காட்ட வேண்டியிருந்தது.

சார்லஸ் மார்த்தெல் அரசராகவே இருந்ததில்லை. அரண்மனை மேலாளர் என்ற பதவியில் இருந்துகொண்டு ஆட்சியை நடத்தியவர். சேன் தெனியில் அவர் தலையிலும் முடி இருக்கிறது. ஐந்நூறு ஆண்டுகள் கழித்துச் சூட்டிய முடி.

ஆகவே எந்தச் சிலைக்கு முன் நின்றாலும் முதல் கேள்வி ‘இது யார்?’ அல்ல. ‘யார் செய்யச் சொன்னார், எப்போது?’ என்று கேளுங்கள். இதற்கு விடை தெரிந்தால் பாதிச் சிலைகள் தாமாகப் பிரிந்து நிற்கும்.

போகிற வழி

மெட்ரோ 13ஆம் தடத்தில் ‘பசிலிக் தெ சேன் தெனி’ நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. ஆலயத்தின் நடுக்கூடத்துக்குக் கட்டணம் இல்லை. கல்லறைகள் இருக்கும் பகுதிக்கு டிக்கெட் வாங்க வேண்டும். ஞாயிறு காலை திருப்பலி நடக்கும் என்பதால் கல்லறைப் பகுதி நண்பகலுக்குப் பிறகே திறக்கும். ஜனவரி 1, மே 1, டிசம்பர் 25 விடுமுறை. வழிபாட்டை ஒட்டி நேரம் மாறக்கூடும் என்பதால் கிளம்பும் முன் அவர்கள் இணையதளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள். உள்ளே கோடையிலும் குளிரும். ஒரு மேலாடை இருக்கட்டும். சின்ன தொலைநோக்கி இருந்தால் நல்லது. பல சிலைகளைக் கயிற்றுக்கு இப்பால் நின்றுதான் பார்க்க முடியும்.

நேரமும் கால்வலுவும் இருப்பவர்கள் ஒரு பகுதியை நடந்தே போகலாம். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பகுதியும், அதை ஒட்டிய ஃபோபூர் சேன் தெனி தெருவும் நம்மவர்கள் பலருக்குப் பழக்கமானவை. மளிகைச் சாமானும் சேலையும் வாங்க நாம் போகிற அந்தத் தெரு, நோத்ர தாமிலிருந்து சேன் தெனிக்கு அரசர்களின் சடலங்கள் ஊர்வலமாகப் போன பழைய பாதையில் இருக்கிறது. 1271இல் 3ஆம் பிலிப் தன் தந்தை 9ஆம் லூயியின் எலும்புகளை இந்த வழியாகத்தான் கொண்டு போனார். ஊர்வலம் நின்ற இடங்களில் பிற்பாடு கற்சிலுவைகளை நட்டார்கள். அவற்றில் ஒன்றும் இன்று இல்லை.

காலடியில் தொடங்குங்கள்

உள்ளே போனதும் முகத்தைப் பார்க்க ஆசை வரும். அடக்கிக்கொண்டு காலடிக்குப் போங்கள். ஆண்களின் காலடியில் பெரும்பாலும் சிங்கம், பெண்களின் காலடியில் நாய். சிங்கம் வலிமைக்கும் உயிர்த்தெழுதலுக்கும் அடையாளம், நாய் விசுவாசத்துக்கு. ‘போரில் செத்தவருக்குச் சிங்கம், படுக்கையில் செத்தவருக்கு நாய்’ என்று ஒரு கதை பிரான்ஸ் முழுவதும் உலவுகிறது. சுற்றுலாக் குழுக்களின் பின்னால் நின்றால் உங்கள் காதிலும் விழும். நம்ப வேண்டாம். நோயில் படுத்து இறந்த அரசர்கள் பலர் சிங்கத்தின் மேல் கால் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

விலங்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பாதம். 13ஆம் நூற்றாண்டுச் சிலை ஒன்றின் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். பாதங்கள் விலங்கின் மேல் ஊன்றி நிற்கின்றன. படுத்திருப்பவரின் பாதம் தளர்ந்து வெளிப்புறம் சாயும். இங்கே அப்படிச் சாயவில்லை. அங்கியின் மடிப்புகளும் இடுப்பிலிருந்து நேர்கோடாக இறங்கிப் பாதத்தருகே உடைந்து குவிகின்றன. படுத்திருந்தால் துணி இரண்டு பக்கமும் வழிந்து பலகையில் பரவியிருக்க வேண்டும்.

செல்பேசியில் ஒரு படம் எடுத்து, அதை நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். தேவாலய வாசலில் நிற்கும் தூண்சிலை ஒன்று தெரியும். சிற்பி நின்ற கோலத்தில் செதுக்கி, தலைக்கு ஒரு திண்டைக் கொடுத்து, கிடந்த கோலமாக்கிவிட்டார். கண்களையும் கவனியுங்கள், திறந்தே இருக்கின்றன. இவர்கள் தூங்கவில்லை, சாகவுமில்லை. இறுதித் தீர்ப்பு நாளில் எழுப்பப்படுவதற்காகக் காத்திருக்கிறார்கள். எழும்போது எல்லாரும் கிறிஸ்து இறந்த வயதான முப்பத்து மூன்றில் இருப்பார்கள் என்பது அக்கால நம்பிக்கை. அதனால் எழுபதில் செத்தவர் முகத்திலும் சுருக்கம் இல்லை.

கல் எதுவென்று பாருங்கள்

அடுத்தது கல். இதில் நீண்ட பாடம் தேவையில்லை. மங்கிய வெண்மஞ்சளாக, சற்றுச் சொரசொரப்பாக இருந்தால் சுண்ணாம்புக்கல். 9ஆம் லூயி காலத்து வரிசை முழுவதும் அதுதான். செய்த காலத்தில் இவை எல்லாம் வண்ணம் பூசப்பட்டவை. நீலமும் சிவப்பும் பொன்னும் பூசிய அரசர்களை மனதில் கொண்டுவந்தால் இன்றைய சாம்பல் அமைதி கொஞ்சம் பொய்யாகத் தெரியும். வழவழப்பான வெண்பளிங்கு உருவம் கரும்பளிங்குப் பலகைமேல் கிடந்தால் அது 1270களுக்குப் பிறகான மோஸ்தர். சேன் தெனியில் அதைத் தொடங்கி வைத்த சிலை 3ஆம் பிலிப்பின் மனைவி அரகோன் இசபெல்லுடையது.

உலோகக் கல்லறைகளும் இருந்தன. பிலிப் ஒகுஸ்து, 8ஆம் லூயி, 9ஆம் லூயி ஆகியோருக்கு விலையுயர்ந்த உலோகத்தில் செய்த கல்லறைகள், இங்கிலாந்தோடு நடந்த நூறாண்டுப் போர்க் காலத்திலேயே மறைந்தன. புனிதர் பட்டம் பெற்ற 9ஆம் லூயிக்கு அவரே உருவாக்கிய இந்த மயானத்தில் அந்தக் காலத்துச் சிலை இல்லை. தப்பிய உலோக வேலையைப் பார்க்க வேண்டுமானால் அவருடைய இரண்டு குழந்தைகளைத் தேடுங்கள். 1243இல் இறந்த பிளான்ஷ், 1248இல் இறந்த ழான். செம்புத் தகட்டில் லிமோஷ் நகரத்து எனாமல் வேலை. ருவாயோமோன் மடத்திலிருந்து வந்தவை. அளவில் சின்னவை, எளிதில் தவறிவிடும்.

இந்தச் சமயத்தில் பிரெதெகோந்த் அரசியின் பலகையையும் பார்த்துவிடுங்கள். 597இல் இறந்தவர், பலகை 12ஆம் நூற்றாண்டு வேலை. கற்துண்டுகளும் செம்புக் கம்பிகளும் பதித்த மொசைக். உடையும் முடியும் செங்கோலும் துல்லியமாக இருக்க, முகமும் கைகளும் பாதங்களும் வெறும் கல். அந்த இடங்களில் ஒரு காலத்தில் வண்ணம் தீட்டியிருக்க வேண்டும்; அது அழிந்துபோய், முகமில்லாத அரசி மிஞ்சியிருக்கிறார். பக்கத்தில் தேட வேண்டியது முதலாம் ஷில்தெபேர். 558இல் இறந்தவருக்கு 12ஆம் நூற்றாண்டின் நடுவில் செய்த சிலை. பிரான்ஸில் எஞ்சியுள்ள அரச கிடந்த கோலங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. தான் நிறுவிய சேன் ஜெர்மேன் தெ பிரே ஆலயத்தின் சிறு மாதிரியைக் கையில் வைத்திருக்கிறார்.

முகத்துக்கு இப்போது போகலாம்

காலும் கல்லும் பழகிய பிறகு முகங்களைப் பார்த்தால் எங்கே மாற்றம் நடந்தது என்று கண்ணே சொல்லிவிடும். மூன்று சிலைகளை இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் 9ஆம் லூயி வரிசையில் எந்த அரசராக இருந்தாலும் சரி. வழுவழுப்பான கன்னம், ஒழுங்காகச் சுருண்ட முடி, யாருக்கும் சொந்தமில்லாத முகம்.

அடுத்து 3ஆம் பிலிப். 1285இல் பெர்ப்பின்யானில் இறந்தவர். சிலை 1307இல் முடிந்தது. தாடையும் கன்னமும் கொஞ்சம் கனத்திருக்கின்றன. ஓர் ஆளை நினைவில் வைத்துக்கொண்டு செதுக்கியது போலிருக்கிறது. இறந்து இருபது ஆண்டுக்கு மேலாகிவிட்டதால் அச்சு அசலான முகம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பொதுமுகத்திலிருந்து விலக வேண்டும் என்ற எண்ணம் சிற்பிக்கு வந்துவிட்டது.

மூன்றாவது 5ஆம் சார்லஸ். இவர் முன்னால் நேரம் செலவிடுங்கள். 1364இல் பட்டத்துக்கு வந்த கையோடு, வாலென்சியேன் ஊர்க்காரரான ஆந்த்ரே போன்வே என்ற சிற்பியை அழைத்துத் தன் பாட்டனார் 6ஆம் பிலிப்புக்கும் தந்தை 2ஆம் ழானுக்கும் தனக்கும் சிலை செய்யச் சொன்னார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. இறந்தது 1380இல். உயிரோடு இருக்கிற அரசரைப் பார்த்துச் செதுக்கிய சிலை என்பதால் நாம் போட்ட இரண்டு பத்திக் கணக்கு இங்கே தலைகீழாகிறது: சிலை முந்தியது, சாவு பிந்தியது. நீண்ட மூக்கு, அகன்ற வாய், உதட்டோரத்தில் புன்னகை என்று சொல்லத் தயங்க வேண்டிய அளவுக்கு ஒரு அசைவு. அழகன் என்று சொல்ல முடியாது. ஆனால் தெருவில் எதிரே வந்தால் அடையாளம் தெரியும். நூறாண்டு இடைவெளியில் பிரெஞ்சு அரசச் சிற்பம் நடந்த தூரம் அவ்வளவு.

இவரோடு சேர்த்து, ஆர்த்துவா பிரபுக் குடும்பத்து இளைஞர் ரொபேர் தார்த்துவாவையும் பார்க்கச் சொல்வேன். 1317இல் இளம் வயதில் இறந்த மகனுக்காகத் தாய் மஹோ, ழான் பெப்பேன் தெ உய் என்ற சிற்பியிடம் செய்வித்தது. இது பொதுமுகம் இருந்த காலத்து வேலைதான். ஆனாலும் கவசமணிந்த அந்தப் பையனின் முகத்தில் இருக்கும் மென்மை வேறெங்கும் இல்லை. இந்த ஆலயத்தில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் என் தேர்வு இதுதான். அறிஞர்கள் 5ஆம் சார்லஸைச் சொல்வார்கள்.

ஐந்தே நாள் வாழ்ந்த முதலாம் ழானையும் விட்டுவிடாதீர்கள். தந்தை 10ஆம் லூயி இறந்தபிறகு 1316 நவம்பரில் பிறந்து, பிறந்ததிலிருந்தே அரசராக இருந்து, அந்த மாதத்திலேயே இறந்த குழந்தை. சிலையில் கைக்குழந்தையாக இல்லை; நடக்கிற வயதுப் பிள்ளையாக இருக்கிறது.

கையில் என்ன இருக்கிறது?

புதிதாக வருகிறவர்கள் அதிகம் திகைப்பது இங்கேதான். பெரும்பாலான அரசர்களின் கையில் செங்கோல் இருந்திருக்கும். பல உடைந்து பிடி மட்டும் மிச்சம். சில கைகளில் வேறு பொருள்கள்.

முதலாம் சார்லஸ் தான்ஷூ, 9ஆம் லூயியின் தம்பி, நேப்பிள்ஸின் அரசர். அவர் சிலையின் வலது கையில் வாள், இடது கையில் ஓர் இருதயம். பாரிஸின் ழாக்கொபேன் துறவியர் ஆலயத்தில் அவருடைய இருதயம் மட்டும் புதைக்கப்பட்டிருந்தது. அந்த இருதயக் கல்லறைக்கு 1326இல் அரசி கிளெமான்ஸ் செய்வித்த சிலை இது. 5ஆம் சார்லஸின் அருகே கிடக்கும் அவர் மனைவி ழான் தெ பூர்போனின் கையில் ஒரு சின்னப் பை. அது பணப்பை அல்ல, குடலைப் போட்ட பை. பாரிஸின் செலெஸ்தேன் துறவியர் ஆலயத்தில் அவருடைய குடல் புதைக்கப்பட்ட கல்லறையில் இருந்த சிலை அது. சேன் தெனியில் அவருக்கு இருந்த சிலை பிரெஞ்சுப் புரட்சியில் போய்விட்டதால் இதைக் கொண்டுவந்து கணவர் பக்கத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

இதன் பின்னணி இப்படி. தொலைதூரத்தில் இறந்த அரசரின் உடலைக் கெடாமல் கொண்டுவர வழி தெரியாத காலம் அது. 9ஆம் லூயி 1270இல் தூனிஸ் முற்றுகையின்போது இறந்ததும் உடலைக் கொதிக்க வைத்துச் சதையைப் பிரித்து, எலும்புகளை மட்டும் பிரான்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். அதே பயணத்தில் திரும்பிக்கொண்டிருந்த அரகோன் இசபெல் கர்ப்பிணியாகக் குதிரையிலிருந்து விழுந்து இத்தாலியின் கொசென்சாவில் 1271இல் இறந்தார். சதை அங்கே, எலும்பு இங்கே. இரண்டு இடத்திலும் கல்லறை. அவசியத்தில் தொடங்கியது விரைவில் விருப்பமாக மாறியது. ஒரே உடலுக்கு மூன்று கல்லறை என்றால் மூன்று இடத்துத் துறவியர் அந்த ஆன்மாவுக்காகச் செபம் செய்வார்கள். மூன்று மடங்களுக்கு அரச கல்லறை என்ற பெருமை கிடைக்கும், அதோடு அறக்கட்டளை வருமானமும். 3ஆம் பிலிப்பின் இருதயத்தை அவர் மகன் ழாக்கொபேன்களுக்குக் கொடுத்தபோது சேன் தெனித் துறவியர் கோபித்துக்கொண்டதற்குக் காரணம் வெறும் பாசம் என்று நான் நினைக்கவில்லை. 1299இல் போப் 8ஆம் போனிபாஸ் உடலைக் கூறுபோடுவதைத் தடை செய்தார். பிரெஞ்சு அரசர்கள் விதிவிலக்கு வாங்கிக்கொண்டு தொடர்ந்து செய்தார்கள்.

5ஆம் சார்லஸின் உடல் சேன் தெனியில், இருதயம் ரூவான் பேராலயத்தில், குடல் தாயின் அருகே மோபுயிசோன் மடத்தில். அவருடைய தளபதி பெர்த்ரான் து கெஸ்க்லேன் அரசரையே மிஞ்சினார்: குடல் லெ புய் ஊரில், சதை மோன்பெரானில், இருதயம் சொந்த ஊர்ப் பக்கமான தினானில், எலும்பு சேன் தெனியில் தன் அரசரின் காலடியில். அரச குலத்தில் பிறக்காதவருக்கு இந்த ஆலயத்தில் இடம் கிடைத்தது பெரிய மரியாதை. அவர் சிலை உருவத்தில் சிறியது. முகம் அகலமாக, முரட்டுத்தனமாக இருக்கிறது. பக்கத்துப் பளிங்கு இளவரசர்களோடு ஒட்டவே இல்லை.

கையில் கையுறையோடு ஒருவர் கிடப்பார். அவர் லூசின்யான் வம்சத்து 5ஆம் லெயோன், சிலீசிய ஆர்மீனியாவின் கடைசி அரசர். நாட்டை இழந்து பாரிஸுக்கு வந்து, உதவி கேட்டுக் கேட்டு, 1393இல் அங்கேயே இறந்தார்.

சிலைக்குக் கீழே யாரும் இல்லை

இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் ஏமாற்றமாக இருக்கும். 1793 ஆகஸ்டில் புரட்சி அரசின் ஆணைப்படி கல்லறைகள் உடைக்கப்பட்டன. அக்டோபரில் சடலங்களைத் தோண்டி எடுத்து ஆலயத்துக்கு வெளியே குழிகளில் போட்டுச் சுண்ணாம்பைக் கொட்டினார்கள். ஈயப் பெட்டிகளும் உலோகச் சிலைகளும் உருக்கப்பட்டன. கற்சிலைகள் தப்பியதில் பெரும்பங்கு அலெக்சாந்தர் லெனுவார் என்பவருடையது. அவற்றைப் பாரிஸில் ஒரு பழைய மடத்துக்குக் கொண்டுபோய், 1795இல் பிரெஞ்சு நினைவுச்சின்னங்களின் அருங்காட்சியகமாகத் திறந்தார். காப்பாற்றினார் என்பதற்காக அவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்ளவும் வேண்டாம். துண்டுகளைத் தம் விருப்பப்படி ஒட்டினார், இல்லாத கல்லறைகளைக் கோத்து உருவாக்கினார். பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் காதலர்கள் பூ வைக்கும், 12ஆம் நூற்றாண்டுக் காதல் இணையான எலோயிஸ், அபெலார் கல்லறை பல இடத்துத் துண்டுகளால் அவர் கட்டியது.

1816இல் அந்த அருங்காட்சியகம் மூடப்பட்டு, சிலைகள் சேன் தெனிக்குத் திரும்பின. மறு ஆண்டு குழிகளிலிருந்து அள்ளிய எலும்புகளை, யாருடையது எது என்று பிரிக்க முடியாமல், நிலவறையில் ஓர் எலும்பறையில் அடைத்து, பெயர்களைக் கற்பலகைகளில் பொறித்தார்கள். அந்தப் பலகைகளின் முன்னே நின்றுவிட்டு மேலே வாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டடக் கலைஞர் வியோலே லெ தூக் சிலைகளை மறுபடி வரிசைப்படுத்தினார். இன்று நீங்கள் பார்ப்பது அந்த ஏற்பாடு. செலெஸ்தேன், ழாக்கொபேன், கோர்தெலியே, ருவாயோமோன், சேன் ஜெர்மேன் என்று பல ஆலயங்களிலிருந்து வந்தவை இங்கே ஒன்றாகக் கிடக்கின்றன. யாருக்கு அருகில் யார் இருக்கிறார் என்பதை வைத்துக் கதை பின்னாதீர்கள்.

மூக்குகளையும் சந்தேகத்தோடு பாருங்கள். சிலையில் முதலில் உடைவது மூக்கும் விரலும்தான். முகம் முழுவதும் மழுங்கியிருக்க மூக்கு மட்டும் கூர்மையாக இருந்தால் அது பிற்காலத்து ஒட்டு.

தன் பழைய இடத்துக்கே திரும்பி வந்து கதை சொல்லும் ஒன்றும் உண்டு: பலிபீடத்தின் தெற்கே தகோபேரின் கல்லறை. இங்கே அடக்கமான முதல் அரசர் இவர். கல்லறை 13ஆம் நூற்றாண்டில் மடத்துத் துறவியர் செய்வித்தது. கிடக்கும் உருவம் 19ஆம் நூற்றாண்டில் புதிதாகச் செய்தது, அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். பின்சுவரின் மூன்று அடுக்குச் சிற்பத்தைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். கீழடுக்கில் முடி மட்டும் தரித்த நிர்வாணமான சிறு உருவம், அரசரின் ஆன்மா. பேய்கள் அதைப் படகில் ஏற்றி நரகத்துக்கு ஓட்டுகின்றன. நடுவில் புனிதர்கள் தெனி, மொரிஸ், மர்த்தேன் படகில் ஏறி அதைப் பிடுங்குகிறார்கள். மேலே துணியில் ஏந்தி விண்ணுக்கு ஏற்றுகிறார்கள். எங்கள் மடத்துக்கு வாரி வழங்கிய அரசர் எத்தனை பாவம் செய்திருந்தாலும் எங்கள் புனிதர் கைவிட மாட்டார் என்று துறவியர் அடுத்த அரசர்களுக்குக் காட்டிய விளம்பரம். பேய்களின் முகத்தில்தான் சிற்பிக்கு உற்சாகம் அதிகம்.

பெரிய கல்லறைகளை விட்டுவிடலாமா?

12ஆம் லூயி, முதலாம் பிரான்சுவா, 2ஆம் ஹென்றி ஆகியோரின் பளிங்கு மண்டபங்கள் கண்ணைப் பறிக்கும். மேலே மண்டியிட்டுச் செபிக்கும் அரச தம்பதி, உள்ளே அவர்களுடைய நிர்வாணச் சடலங்கள். 12ஆம் லூயியின் கல்லறையில் வயிறு கிழித்துத் தைத்த தடமும் தெரியும். இந்த மண்டபங்கள் 16ஆம் நூற்றாண்டு மறுமலர்ச்சி வேலை, தனி நாள் கேட்பவை. முதல் வருகையில் அவற்றிடம் போய்விட்டால் இடைக்காலத்துக் கல் அரசர்கள் பொம்மைகளாகத் தெரிவார்கள். கடைசி பத்து நிமிடத்துக்கு ஒதுக்கிவையுங்கள்.

அடுத்தது எங்கே?

பாரிஸிலேயே லூவ்ரின் ரிஷெலியூ பகுதிக்குப் போங்கள். மோபுயிசோன் மடத்திலிருந்து வந்த 4ஆம் சார்லஸ், அவர் மனைவி ழான் தெவ்ரோ ஆகியோரின் குடல் கல்லறைச் சிலைகள் அங்கே இருக்கின்றன. 1372ஐ ஒட்டி ழான் தெ லியேழ் செய்தவை. ஆள் உயரத்தைவிட மிகச் சிறியவை. இருவரும் குடல்பையை நெஞ்சருகே பிடித்திருக்கும் விதத்தைப் பாருங்கள், விரல்கள் தோலில் அழுந்துவது வரை தெரிகிறது. சேன் தெனியில் கயிற்றுக்கு அப்பால் இருந்தது இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, தொட்டுவிடாதீர்கள்.

வெளியூர் போக முடிந்தால் லுவார் ஆற்றுப் பக்கம் போந்தெவ்ரோ மடம். இங்கிலாந்தை ஆண்ட பிளாண்டாஜெனே அரசர்கள் 2ஆம் ஹென்றி, அவர் மனைவி எலினோர், மகன் சிங்கநெஞ்சன் ரிச்சர்ட், மருமகள் அங்குலேம் இசபெல். இசபெல் மட்டும் மரம், மற்றவை கல். இங்கே சிற்பி வேறு வழியில் போயிருக்கிறார். துணி விரித்த பாடையின் மேல், மக்கள் பார்வைக்குக் கிடத்திய சடலமாக அரசர்கள் கிடக்கிறார்கள். எலினோர் மட்டும் படுத்தபடி புத்தகம் வாசிக்கிறார். சேன் தெனியைப் பார்த்த கண்ணோடு போனால் இந்த வேறுபாடு உடனே உறைக்கும்.

அழுகிற துறவியரைப் பார்க்க ஆசை வந்தால் திழோன் நகரத்து நுண்கலை அருங்காட்சியகம். 5ஆம் சார்லஸின் தம்பி, பர்கண்டிப் பிரபு தைரியசாலி பிலிப்பின் கல்லறையைச் சுற்றி, கிளவுஸ் ஸ்லூத்தரும் அவர் பட்டறையும் செய்த சின்னஞ்சிறு துக்க உருவங்கள் தூண்களுக்கிடையே நடந்துபோகின்றன. முக்காட்டுக்குள் முகம் தெரியாதவர், மூக்கைப் பொத்துபவர் என்று ஆளுக்கொரு பாவனை. இந்தத் துக்க ஊர்வலத்தின் பழைய வடிவம் சேன் தெனியிலேயே இருக்கிறது: 1260இல் இறந்த, 9ஆம் லூயியின் மூத்த மகன் லூயியின் கல்லறைப் பக்கவாட்டில் ஊர்வலம் செதுக்கப்பட்டிருக்கிறது, சவப்பெட்டியைச் சுமப்பவர்களில் இங்கிலாந்து அரசர் 3ஆம் ஹென்றியும் ஒருவர்.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரொழே தெ கேன்யேர் என்ற சேகரிப்பாளர் பிரான்ஸ் முழுவதும் ஓவியர்களை அனுப்பி ஆலயக் கல்லறைகளை வரைய வைத்தார். புரட்சி உடைத்த பலவற்றுக்கு இன்று அவர் ஓவியங்களே சாட்சி. பிரெஞ்சு தேசிய நூலகத்தின் ‘காலிகா’ இணையதளத்தில் அவற்றை இலவசமாகப் பார்க்கலாம். தேடும்போது அரசரின் பெயரோடு அவர் அடக்கமான மடத்தின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரே அரசருக்கு மூன்று கல்லறை வரும். ஓவியத்தை ஒரு சாளரத்திலும் இன்றைய புகைப்படத்தை மற்றொன்றிலும் திறந்து, எந்த விரல் புதிது, எந்த மூக்கு புதிது, தலைக்கு மேலிருந்த விதானம் எங்கே போனது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். தொடங்குவதற்கு 5ஆம் சார்லஸும் ழான் தெ பூர்போனும் நல்ல இணை.